காலம் பூரா தூக்குனது பத்தாதா?

அம்மா தலை வாரும்போது சீப்பு ஓரிடத்தில் சற்றுத் தயங்கும். நெற்றிக்கு மேலே நான்கு விரல் தள்ளி, குறுக்கே ஒரு பட்டைபோல முடி மெலிந்து தோல் தடித்துக் கிடக்கும் இடம் அது. தேயிலைக் கொழுந்துக் கூடையின் கயிறு முப்பத்தேழு வருடம் உட்கார்ந்திருந்த இடம். பதினெட்டு வயதில் தோட்டத்தில் பேர் பதிந்தவர், ஐம்பத்தைந்து வயதில் கூடையை இறக்கி வைத்தார். மாத்தளையில் இருந்து ரத்தோட்டை தாண்டி ரிவர்ஸ்டனுக்கு ஏறும் வீதியோரத்து மலைகளில்தான் அவ்வளவு காலமும். பனி மூடினால் பக்கத்து நிரையில் நிற்பவரின் குரல்தான் கேட்கும், ஆள் தெரியாது என்பார்.

ஓய்வுபெற்று நான்கு வருடம் கழித்து, தண்ணீர் பிடிக்கும் பீலியடியில் பாசி படிந்த கல்லில் வழுக்கினார். விழும்போது எல்லோரும் செய்வதைப் போலத்தான் செய்தார், கையை ஊன்றினார். இடது மணிக்கட்டு எலும்பு முறிந்தது. ஆறு கிழமை பிளாஸ்டர். அதைக் கழற்றிய பிறகு மெலிந்து வெளுத்திருந்த அந்தக் கையைப் பார்த்துக்கொண்டு, நான் வாசித்ததையெல்லாம் சொல்லி, "அம்மா, நீங்க எடை தூக்கிப் பயிற்சி செய்யணும்" என்றேன். ரொட்டிக்கு மா பிசைந்துகொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார்.

"காலம் பூரா தூக்குனது பத்தாதா புள்ள? இனியும் தூக்கணுமா?"

அந்தக் கேள்விக்கு அன்று என்னிடம் நேரான பதில் இல்லை. மலையகத்தில் மட்டுமல்ல, நாற்று நடுகிற, செங்கல் சுமக்கிற, தண்ணீர்க்குடம் தூக்குகிற எந்த ஊர்ப் பெண்ணும் இதையே கேட்பாள். கேட்க அவளுக்கு உரிமை இருக்கிறது. எடைப் பயிற்சியைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் நாற்காலியில் உட்கார்ந்து வேலை செய்யும் பெண்களுக்குத்தான் எழுதுகிறார்கள். அம்மாவுக்காக ஒரு பதிலைத் தேடிப் போனதில்தான் உடம்பு எடையை எப்படிப் புரிந்துகொள்கிறது என்பது எனக்கே விளங்கியது.

முதலில் கணக்கைப் பார்ப்போம். ஒரு நாள் பேர் விழ, அதாவது முழுச் சம்பளம் கிடைக்க, 18 கிலோ கொழுந்து வேண்டியிருந்தது. மாதம் 25 நாள் என்று வைத்தால் வருடத்துக்கு 5,400 கிலோ. முப்பத்தேழு வருடத்துக்கு ஏறத்தாழ 200 தொன். கொழுந்து நன்றாக விளையும் மாதங்களில் எடுத்த கூடுதல் கிலோக்களையும், விறகையும், தண்ணீரையும், இடுப்பில் இருந்த எங்களையும் நான் இதில் சேர்க்கவில்லை. இருநூறு தொன் சுமந்த உடம்பின் கை, வழுக்கிய ஒரு நொடியில் ஏன் முறிந்தது?

பதிலின் முதல் பகுதி ஆபிரிக்காவில் இருக்கிறது. 1986-இல் நேச்சர் ஆய்விதழில் ஒரு கட்டுரை வெளியானது. கென்யாவின் லுவோ, கிக்குயு இனப் பெண்கள் சுமையோடு நடக்கும்போது எவ்வளவு ஒட்சிசன் செலவழிக்கிறார்கள் என்று அளந்திருந்தார்கள். லுவோ பெண்கள் தலைமேல் சுமப்பவர்கள். கிக்குயு பெண்கள் முதுகில் சுமையை வைத்து, அதன் வாரை நெற்றியில் மாட்டிக்கொள்பவர்கள். எங்கள் கூடைக்கும் அதற்கும் பெரிய வித்தியாசமில்லை. தம் உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்கு வரையான சுமையை அந்தப் பெண்கள் கூடுதல் சக்தியே செலவழியாமல் சுமந்தார்கள். வெறுங்கையோடு நடந்தாலும் அந்தச் சுமையோடு நடந்தாலும் ஒரே செலவுதான். நடக்கும்போது நம் உடல் ஊசல்போல ஒரு பக்கம் ஏறி மறுபக்கம் இறங்குகிறது. அந்த ஊசலின் சக்தியை வீணாக்காமல் அடுத்த அடிக்குக் கடத்தும் வித்தையை அவர்களின் கால்கள் கற்றிருந்தன என்று அதே ஆய்வாளர்களில் சிலர் 1995-இல் விளக்கினார்கள்.

அம்மாவின் எடை ஐம்பது கிலோ. தராசடிக்கு அவர் கொண்டுபோகும் கூடை பத்துக் கிலோ அளவில் இருக்கும். சரியாக ஐந்தில் ஒன்று. சிறு வயதில் நான் கூடவே போய்ப் பார்த்திருக்கிறேன். நாங்கள் மூச்சு வாங்கும் ஏற்றத்தில் அவர் பக்கத்து ஆளோடு கதைத்துக்கொண்டே ஏறுவார். பெரிய திறமை அது. ஆனால் உடம்பு ஒரு வேலையைச் சிக்கனமாகச் செய்யக் கற்றுக்கொண்டுவிட்டால், அதற்குப் பிறகு அந்த வேலை உடம்பைப் பலப்படுத்தாது. பழகிய சுமையைத் தாங்கத் தேவையான அளவுக்குத் தசையை வைத்துக்கொண்டு, மிச்சத்தை வளர்க்காமல் நிறுத்திவிடும்.

இதை நேரில் பார்க்க வேண்டுமானால் ஒரு ஞாயிற்றுக்கிழமை ரிவர்ஸ்டனுக்குப் போக வேண்டும். கண்டியில் இருந்தும் கொழும்பில் இருந்தும் இளைஞர் கூட்டம் வேனில் வந்து இறங்கும். தொலைத்தொடர்புக் கோபுரம் நிற்கும் உச்சிவரை நடந்து ஏறுவார்கள். மலையிடுக்கில் காற்று ஆளையே தள்ளும். குடை கொண்டுவந்தவர் மடக்கிவிடுவார். படம் எடுத்து, கூச்சல் போட்டு, ஓட்டமும் நடையுமாக இறங்கி வருவார்கள். அன்றைக்கு ஒன்றும் தெரியாது. மறுநாளும் அதற்கடுத்த நாளும் தொடைகள் பிடித்துக்கொள்ளும். படி இறங்கும்போது சுவரைப் பிடிப்பார்கள். ஏற்றத்தைக் குறை சொல்வார்கள். வலிக்குக் காரணம் இறக்கம்.

ஏறும்போது தொடைத்தசை சுருங்கி உடலைத் தூக்குகிறது. இறங்கும்போது அதே தசை இழுபட்டு நீண்டுகொண்டே உடலைப் பிடித்து நிறுத்த வேண்டியிருக்கிறது. கயிற்றை இழுப்பது ஒரு வேலை. கையில் இருந்து நழுவும் கயிற்றைப் பிடித்து மெல்ல விடுவது வேறு வேலை. இரண்டாவதில்தான் தசைநார்களுக்குள் நுண்ணிய கிழிசல்கள் விழுகின்றன. அவற்றைச் சரிப்படுத்தும்போது உண்டாகும் வீக்கமே ஒன்றிலிருந்து மூன்று நாள்வரை நீடிக்கும் அந்த வலி. லாக்டிக் அமிலம் தேங்குவதால் வலிக்கிறது என்று இன்னும் பலர் சொல்கிறார்கள். அது ஓரிரு மணித்தியாலத்தில் இரத்தத்தில் இருந்து வெளியேறிவிடும். மறுநாள் வலிக்கு அதன்மேல் பழி போட முடியாது.

அதே சரிவில் தினமும் இறங்கிய அம்மாவுக்கு ஏன் வலிக்கவில்லை? முதல் தடவை கிழிந்து ஒட்டிய தசை, இரண்டாம் தடவை அதே வேலைக்குத் தயாராக இருக்கும். சில தடவைகளில் அது முழுதாகப் பழகிவிடும். பேர் பதிந்த முதல் மாதத்தில் இரவெல்லாம் கால் வலித்து அழுததாக அம்மா சொல்வார். அந்த முதல் மாதத்தில்தான் அவர் உடம்பு உண்மையில் பயிற்சி பெற்றது என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது. மற்ற முப்பத்தாறு வருடமும் பதினொரு மாதமும் வெறும் உழைப்பு.

பயிற்சி என்பதற்கு அறிவியலில் ஒரு பிறந்த கதை உண்டு. இரண்டாம் உலகப் போர் முடியும் தறுவாயில், சிக்காகோவில் இருந்த இராணுவ ஆஸ்பத்திரி ஒன்றில் தோமஸ் டிலோர்ம் என்ற இளம் மருத்துவர் வேலை பார்த்தார். முழங்காலில் அடிபட்ட சிப்பாய்கள் கட்டில் கட்டிலாகக் கிடந்தார்கள். லேசான எடையை நிறையத் தடவை தூக்கச் சொல்வதே அந்தக் காலத்து வழக்கம். மாதக்கணக்கில் செய்தும் கால் தேறவில்லை. டிலோர்ம் தலைகீழாக மாற்றினார்: கனமான எடை, குறைந்த தடவைகள், கிழமைக்குக் கிழமை கொஞ்சம் கூட்டுவது. கால்கள் வேகமாகத் தேறின. 1945-இல் அவர் அதை எழுதி வெளியிட்டார். இன்று உலகெங்கும் எந்தப் பயிற்சிக்கூடத்தில் எவர் எடை தூக்கினாலும் அடிப்படை அதுதான். உடம்பு பழகப் பழக, எடையும் ஏற வேண்டும்.

கனம் ஏன் அவ்வளவு முக்கியம்? தசைக்குள் ஆயிரக்கணக்கான நார்கள். அவற்றைக் குழு குழுவாகப் பிரித்து, ஒவ்வொரு குழுவையும் ஒரு நரம்பணு ஆள்கிறது. சிறிய நரம்பணுக்களின் குழுக்கள் மெதுவாக வேலை செய்யும், களைக்காது. பெரிய நரம்பணுக்களின் குழுக்கள் வேகமும் பலமும் உள்ளவை, சீக்கிரம் களைத்துவிடும். மூளை எப்போதும் சிறியவற்றைத்தான் முதலில் கூப்பிடும். வீட்டில் சில்லறை வேலைக்குச் சின்னப்பிள்ளைகள் ஓடுவார்கள். அரிசி மூட்டை வந்து இறங்கினால்தான் பெரியவர் எழுந்து வருவார், அதுபோல. ஹார்வர்டில் எல்வுட் ஹென்னமன் 1960-களில் கண்டு சொன்ன விதி இது.

கொழுந்து பறிப்பதை இந்த விதியை வைத்துப் பாருங்கள். இரண்டு இலையும் ஒரு மொட்டும் என்ன எடை இருக்கும்? அதைக் கிள்ளும் கை ஒரு நாளில் பல்லாயிரம் தடவை அசைகிறது. எல்லாம் சின்னப்பிள்ளைகளின் வேலை. பெரிய நார்களை யாரும் கூப்பிடவில்லை. கூப்பிடாத நார்கள் வயது ஏற ஏற மெலிகின்றன. முதுமையில் முதலில் சுருங்குபவையும் அவைதான். பீலியடியில் கால் வழுக்கும் அந்த அரை நொடியில் உடலை மீட்டு நிறுத்த வேண்டியவையும் அவைதான். அம்மா நாள் முழுக்க நிற்பார், நடப்பார், களைக்கவே மாட்டார். ஆனால் ஒரு நொடியில் பாய்ந்து உடலைப் பிடிக்கும் வேகம் அவரிடம் இல்லாமல் போயிருந்தது.

எலும்பின் கதை இதைவிடச் சுவையானது. எலும்பைக் கல்போல நினைக்கிறோம். அது நாள்தோறும் இடித்துக் கட்டப்படும் வீடு. பழைய எலும்பைக் கரைக்கும் உயிரணுக்கள் ஒரு பக்கம், புதிது கட்டும் உயிரணுக்கள் மறுபக்கம். எங்கே கட்ட வேண்டும் என்று சொல்வது எலும்புக்குள்ளேயே புதைந்து கிடக்கும் வேறு வகை அணுக்கள். எலும்பு இம்மியளவு வளையும்போது அதன் நுண்குழாய்களில் திரவம் அசைகிறது. அந்த அசைவை அவை உணர்கின்றன. 1984-இல் கிளின்டன் ரூபினும் லான்ஸ் லேன்யனும் பறவையின் இறக்கை எலும்பில் வெளியே இருந்து அளந்து அழுத்தம் கொடுத்துப் பார்த்தார்கள். நாளுக்கு வெறும் 36 தடவை அழுத்தியதிலேயே எலும்பு நன்றாகத் தடித்தது. 1,800 தடவை அழுத்தியபோது அதைவிடக் கூடுதலாக ஒன்றும் தடிக்கவில்லை. எலும்பு எண்ணிக்கைக்கு மசிவதில்லை. பழகாத, பலமான, சில தடவை வரும் அழுத்தத்துக்குத்தான் செவிசாய்க்கிறது. அம்மாவின் மணிக்கட்டு முப்பத்தேழு வருடம் கேட்டது ஒரே மெல்லிய தட்டல். கனம் முழுவதும் கழுத்துக்கும் முதுகுக்கும் போயிற்று.

ஆனால் உழைப்பு எலும்பைக் கட்டவே கட்டாது என்று சொல்லிவிட முடியாது. 2017-இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், மத்திய ஐரோப்பாவில் ஏழாயிரம் வருடங்களுக்கு முன் வாழ்ந்த முதல் விவசாயப் பெண்களின் கை எலும்புகளை இன்றைய பெண்களின் எலும்புகளோடு ஒப்பிட்டார்கள். இன்றைய மாணவிகளுடையதைவிட அவை ஏறத்தாழ 30 சதவீதம் பலமானவை. தினமும் துடுப்பு வலிக்கும் கேம்பிரிட்ஜ் படகுப்போட்டி வீராங்கனைகளின் கைகளைவிடவும் 11 முதல் 16 சதவீதம் பலம். மாவரைக்கும் கல்லை முன்னும் பின்னும் தள்ளித் தள்ளி வந்த பலமாக இருக்கும் என்பது அவர்களின் விளக்கம். அம்மியும் உலக்கையும் புழங்கிய நம் பாட்டிகளை நினைத்துக்கொண்டேன். தமிழ்நாட்டில் இளவட்டக்கல்லைத் தூக்கிய ஆண்களுக்குப் பேர் இருந்தது, கதை இருந்தது. குழவியைத் தள்ளிய கைகளுக்கு ஒரு கதையும் இல்லை. ஏழாயிரம் வருடம் கழித்து எலும்பை அளந்து பார்த்துத்தான் சொல்ல வேண்டியிருந்தது.

எலும்பு சேர்வது ஏறத்தாழ முப்பது வயதுவரை. அந்த வயதுக்குள் உடம்புக்குக் கனமும் வேண்டும், சாப்பாடும் வேண்டும். கனம் எங்கள் பெண்களுக்குக் கிடைத்தது, சாப்பாடு கிடைக்கவில்லை. இரத்தசோகையும் குறை எடையும் தோட்டங்களில் தலைமுறையாக வருபவை. மாதவிடாய் நின்ற பிறகு ஈஸ்ட்ரோஜன் வற்றும்போது, எலும்பைக் கரைக்கும் அணுக்களுக்கு இருந்த கடிவாளம் தளர்ந்துவிடுகிறது. சேமிப்பே குறைவாக இருந்த இடத்தில் செலவும் கூடினால் என்ன நடக்குமோ அதுதான் பீலியடியில் நடந்தது.

அந்த வயதில் எலும்பை மீண்டும் கட்ட முடியுமா? அவுஸ்திரேலியாவின் கிரிஃபித் பல்கலைக்கழகத்தில் பெலின்டா பெக் தலைமையில் நடந்த ஆய்வு 2018-இல் வெளியானது. மாதவிடாய் நின்ற, எலும்பு அடர்த்தி குறைந்த 101 பெண்கள். பாதிப் பேருக்கு வீட்டிலேயே செய்யும் லேசான பயிற்சி. மற்றவர்களுக்கு, ஒரே ஒரு தடவை மட்டும் தூக்க முடிகிற உச்ச எடையில் 85 சதவீதத்துக்கும் மேல். ஐந்து ஐந்து தடவையாக ஐந்து சுற்று. தரையில் இருந்து தூக்குவது, தோளில் எடையோடு குந்தி எழுவது, தலைக்கு மேல் உயர்த்துவது, இவற்றோடு குதித்து இறங்குவது. வாரம் இரண்டு நாள், அரை மணி நேரம். எட்டு மாத முடிவில் கனம் தூக்கியவர்களின் இடுப்பு முதுகெலும்பு அடர்த்தி 2.9 சதவீதம் கூடியிருந்தது. லேசாகச் செய்தவர்களுக்கு 1.2 சதவீதம் குறைந்திருந்தது. கனம் தூக்கியவர்களில் ஒருவருக்கு முதுகு பிடித்துக்கொண்டதைத் தவிர வேறு காயமில்லை. அவர்கள் பக்கத்தில் பயிற்சியாளர் நின்று பார்த்துக்கொண்டார், முதல் மாதம் மெதுவாகத் தொடங்கினார்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். எலும்பு மெலிந்த பெண் இதை வாசித்துவிட்டு நாளைக்கே மூட்டையைத் தூக்கக் கூடாது.

தசைக்கோ வயதெல்லை இன்னும் தளர்வு. 1990-இல் பொஸ்டன் நகரின் முதியோர் இல்லம் ஒன்றில் மரியா ஃபியாட்டரோனும் அவரோடு சேர்ந்தவர்களும் 86 முதல் 96 வயதானவர்களுக்கு எட்டுக் கிழமை கால் எடைப் பயிற்சி கொடுத்தார்கள். கால் பலம் சராசரியாக 174 சதவீதம் கூடியது. நம்மிடையேயும் ஒருவர் இருக்கிறார்: பொள்ளாச்சி கிட்டம்மாள். பேரன்மார் எடை தூக்குவதைப் பார்த்துத் தானும் தொடங்கி, 2024-இல் 82 வயதில், சேலையோடு போட்டி மேடையேறி 50 கிலோ தூக்கினார். அந்தக் காணொளியை அம்மாவுக்குக் காட்டினேன். மூன்று தடவை திருப்பிப் போடச் சொன்னார். "முதுக வளைக்காம எடுக்குது பாரு" என்றார். எடை தூக்கியே வாழ்ந்தவரின் கண் அது.

தொடக்கத்தில் கிடைக்கும் பலத்தில் பெரும்பகுதி தசை வளர்வதால் வருவதில்லை. முதல் சில கிழமைகளில் நரம்புதான் கற்றுக்கொள்கிறது: எந்த நார்களை எழுப்புவது, எத்தனையை ஒன்றாக எழுப்புவது, எதிர்ப்பக்கத் தசையை எப்போது தளரவிடுவது என்று. தசை தடிப்பது அதற்குப் பிறகு. பெண்களுக்கு அதுவும் ஓரளவுக்குத்தான். "ஆம்பிளை மாதிரி ஆகிடுவேனா?" என்று பக்கத்துக் காம்பராத் தங்கச்சி கேட்டாள்; ஆடைத் தொழிற்சாலையில் தையல் இயந்திரத்தின் முன் நாள் முழுக்க உட்காருபவள். தன் தாயைப் போல சுமந்த உடம்பும் அவளுக்கு இல்லை, பயிற்சி செய்த உடம்பும் இல்லை. ஆண்களின் இரத்தத்தில் டெஸ்டோஸ்டெரோன் பெண்களுடையதைவிடப் பதினைந்து மடங்கு அளவில் அதிகம். சதவீதமாகப் பார்த்தால் பயிற்சியால் பெண்ணின் பலம் ஆணுடையதைப் போலவே ஏறும். உருவம் அப்படி மாறாது. 2018 பொதுநலவாய விளையாட்டில் இலங்கைக்கு வெண்கலம் வென்ற தினுஷா கோமஸ் 48 கிலோ பிரிவில் தூக்கியவர். அவரை வீதியில் பார்த்தால் பள்ளிக்கூட ஆசிரியை என்றுதான் நினைப்போம். ஆண்கள் 1896-இலேயே ஒலிம்பிக்கில் எடை தூக்கிவிட்டார்கள். பெண்களுக்கு அந்த மேடை திறந்தது 2000-இல், சிட்னியில். ஆந்திராவின் கர்ணம் மல்லேஸ்வரி 240 கிலோ மொத்தத்தோடு வெண்கலம் வென்றது அந்த முதல் மேடையில்தான்.

கனத்த உழைப்பு உடற்பயிற்சிக்குச் சமம் என்று நம்புகிறவர்களுக்கு டென்மார்க்கில் இருந்து ஒரு செய்தி. கோப்பன்ஹேகன் வட்டாரத்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோரைப் பத்து வருடம் தொடர்ந்து கவனித்த ஆய்வு 2021-இல் வெளியானது. ஓய்வு நேரத்தில் உடலை அசைப்பவர்களுக்கு இதயநோயும் சாவும் குறைவு. வேலையில் அதிகம் உடல் வருத்துபவர்களுக்கு இரண்டும் கூடுதல். வாழ்க்கை வசதியையும் புகைப்பழக்கத்தையும் கணக்கில் எடுத்த பிறகும் அப்படியே. அதை எப்படிப் புரிந்துகொள்வது என்ற விவாதம் இன்னும் நடக்கிறது. எனக்கு மிகவும் பொருத்தமாகப் படும் விளக்கம் இது: பயிற்சியில் எடையை இறக்கி வைக்கும் நேரம் உங்கள் கையில். தோட்டத்தில் அது தராசு அடிக்கும் நேரம். தசை வளர்வது தூக்கும்போது அல்ல. தூக்கி முடித்து ஒரு நாள், இரண்டு நாள் ஓய்வில், போதிய புரதம் உள்ளே போகும்போது. அந்த ஓய்வு அம்மாவுக்கு ஞாயிறு தவிர இருந்ததில்லை. அன்றைக்கும் விறகு.

ஆஸ்பத்திரியில் டொக்டரிடம் கேட்டு, பிறஷர் பார்த்து, போன வருடம் தொடங்கினோம். முதல் மாதம் எடையே இல்லை. விளக்குமாற்றுக் கட்டை மட்டும். அதை முதுகோடு நெடுக்காகப் பிடித்து, பின்தலை, தோள்களின் நடு, இடுப்பின் அடி ஆகிய மூன்று இடமும் கட்டையில் ஒட்டியிருக்கக் குனிய வேண்டும். முதுகு வளைந்தால் ஓரிடம் விலகிவிடும். வயலில் குனிவதுபோல் முதுகில் இருந்து குனிந்து பழகியவருக்கு, இடுப்பைப் பின்னுக்குத் தள்ளிக் குனிவது புதிது. ஏன் அவ்வளவு கண்டிப்பு என்றார். பிறகு தூக்கப்போகும் தண்ணீர்க் கேனை வைத்துக் கணக்குச் சொன்னேன். முதுகுத்தண்டை இழுத்துப் பிடிக்கும் தசை அதில் இருந்து ஏறத்தாழ ஐந்து சென்ரிமீற்றர் தள்ளித்தான் இருக்கிறது. பத்துக் கிலோவை ஐம்பது சென்ரிமீற்றர் முன்னால் நீட்டிப் பிடித்தால் அந்தத் தசை நூறு கிலோவுக்கு இழுக்க வேண்டும். அதே எடையை உடம்போடு அணைத்து இருபது சென்ரிமீற்றருக்குள் வைத்தால் நாற்பது போதும். "அதான் கூடைய முதுகோட ஒட்டிக் கட்டுறது" என்றார். ஆமாம், அதேதான்.

பிறகு ஸ்டூலில் இருந்து கையூன்றாமல் எழுந்து உட்காருவது, சுவரில் கை வைத்துத் தள்ளுவது, கேனைத் தரையில் இருந்து தூக்குவது. எங்கள் ஊரில் பயிற்சிக்கூடம் இல்லை, இரும்பும் இல்லை. தண்ணீர் இருக்கிறது. ஒரு லீற்றர் தண்ணீர் ஒரு கிலோ. டிலோர்ம் சொன்னபடி எடையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்ட இதைவிட நல்ல கருவி எந்தப் பயிற்சிக்கூடத்திலும் கிடையாது. வெள்ளைப் பத்து லீற்றர் கேன் ஒன்றில் நான்கு லீற்றருக்குப் பேத்தியின் சிவப்பு நகப்பூச்சால் ஒரு கோடு போட்டுத் தொடங்கினோம். எட்டுத் தடவை தூக்கியதும் இன்னும் இரண்டு மூன்று தடவைக்கு மேல் முடியாது என்று தோன்ற வேண்டும். அந்த அளவு கனம் சரி. பன்னிரண்டு தடவை சுலபமாக வந்துவிட்டால் அரை லீற்றர் கூட்டிப் புதுக் கோடு. தூக்கும்போது மூச்சை வெளியே விட வேண்டும், அடக்கக் கூடாது. பிள்ளை பெற்று அதிக நாள் ஆகாதவர்களும், கர்ப்பப்பை இறக்கம் உள்ளவர்களும் இந்த இடத்தில் நின்று, மருத்துவரிடம் கேட்டுவிட்டுத்தான் தொடர வேண்டும். வயிற்றுக்குள் ஏறும் அழுத்தம் அடியில் இருக்கும் தசைகளையும் தள்ளும். திங்களும் வியாழனும் மட்டும். வாரத்துக்குக் குறைந்தது இரண்டு நாள் தசைக்கு வேலை கொடுங்கள் என்று உலக சுகாதார நிறுவனமும் 2020-இல் சொன்னது.

சாப்பாட்டில்தான் அதிகம் சண்டை. தேத்தண்ணியும் ரொட்டியும் சம்பலுமே அவருக்குச் சாப்பாடு. தேத்தண்ணியைச் சோற்றோடு குடித்தால் அதில் இருக்கும் பொருட்கள் இரும்புச்சத்தைப் பிடித்துக்கொள்ளும், ஒரு மணித்தியாலம் தள்ளிக் குடியுங்கள் என்றேன். தேயிலைக்கே வாழ்க்கையைக் கொடுத்தவரிடம் அப்படிச் சொல்வதற்கு எனக்கே ஒரு மாதிரி இருந்தது. இப்போது காலையில் ஒரு முட்டை, பகலில் பருப்போ சோயாமீட்டோ, பிடி நெத்தலிக் கருவாடு, பின்னேரம் கடலை. முட்டை ஒன்றில் ஆறு கிராம் புரதம், அவித்த கடலை நூறு கிராமில் ஒன்பது கிராம் அளவில். கருவாடு முள்ளோடு போவதால் கல்சியமும் போகிறது.

மூன்றாம் மாதம் காய்ச்சல் வந்து ஒரு மாதம் விட்டார். திரும்பத் தொடங்கியபோது முன்பு விட்ட கோட்டில் தூக்க முடியவில்லை. கோபம் வந்து கேனை இஸ்தோப்பில் வைத்துவிட்டுப் போய்விட்டார். இரண்டு கோடு இறங்கித் தொடங்கினால் போதும், உடம்பு பழையதை மறந்திருக்காது என்றேன். மறந்திருக்கவில்லை; மூன்று கிழமையில் அதே கோட்டுக்கு வந்துவிட்டார். தசை வளரும்போது அதன் நார்களுக்குள் சேரும் புதிய உட்கருக்கள் விட்ட காலத்திலும் எளிதில் அழிவதில்லை என்று ஒரு கருத்து உண்டு. அம்மாவுக்கு அந்த விளக்கம் தேவைப்படவில்லை.

போன கிழமை வீட்டுக்குப் போயிருந்தேன். கேனில் சிவப்புக் கோடுகள் வாயை எட்டிவிட்டன. ஒன்பதரைக்கு மேல் ஊற்றினால் மூடி போட இடமில்லை. இதற்குமேல் என்ன செய்யலாம் என்று யோசித்துக்கொண்டே பின்பக்கம் போனேன். கடையில் கேட்டு வாங்கி வந்த இருபது லீற்றர் எண்ணெய்க் கேன் ஒன்றைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக் கழுவி, பீலிக்குப் பக்கத்துக் கல்லின்மேல் கவிழ்த்து வைத்திருந்தார். வழுக்கிய அதே கல். பாசியைச் சுரண்டியிருந்தார்.